பத்து தடவை எழுதினால் மண்டையில் ஏறிவிடுமா?

காஞ்சிபுரம் என்ன, கன்னியாகுமரி என்ன, தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் மாறாத தண்டனை ஒன்று உண்டு. சொல்–பொருள் ஒப்பிக்கத் தெரியவில்லையா? பத்து தடவை எழுதிக்கொண்டு வா. மறுநாளும் திணறுகிறானா? ஐம்பது தடவை. 'இம்போசிஷன்' என்ற இந்த வார்த்தைக்குத் தமிழில் ஒரு சொல் தேடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சட்னி சாம்பார் மாதிரி வீட்டில் புழங்கும் சொல்லாகிவிட்டது!

அந்தப் பையன் அதை எப்படி எழுதுகிறான் என்று என்றைக்காவது பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? நோட்டின் இடது பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சொல்லை மட்டும் ஐம்பது தடவை எழுதுவான். அது முடிந்ததும் நடுவில் ஒரு சமக்குறி வரிசை. அப்புறம் வலது பக்கத்தில் பொருளை மட்டும் ஐம்பது தடவை. கை பாட்டுக்கு ஓடும், கண் டிவியில் இருக்கும். அவனைப் படிக்கச் சொன்னது ஒரு ஜோடியை. அவன் செய்வதோ அந்த ஜோடியை நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் தனித்தனியே அடுக்கி வைப்பது. ஜோடி ஜோடியாக நினைவில் நிற்கவில்லை என்று வாத்தியார் மறுபடி கோபப்படுகிறார். நிற்குமா பின்னே?

பள்ளிப் படிப்பில் பாதி இந்த ஜோடிகள்தான். சொல்–பொருள், எதிர்ச்சொல், நாடு–தலைநகரம், போர்–ஆண்டு, தனிமம்–குறியீடு, 'பொருத்துக'. பிளஸ் டூ தாண்டி காலேஜுக்கு வந்தாலும் விடாது. ஆகவே இரண்டு சொற்களை ஒன்றோடொன்று சேர்த்து மண்டையில் நிறுத்துவது எப்படி என்பது சின்ன விஷயம் இல்லை. மதிப்பெண், மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் 'மக்கு' என்ற பட்டம், அந்தப் பட்டத்தால் பாதியில் நின்றுபோகும் படிப்பு, எல்லாமே இதில் தொங்குகின்றன.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வி நூறு வருஷத்துக்கு மேலாக சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வி. 1885-ல் ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து புத்தகம் போட்டார். 1890-களில் அமெரிக்காவில் மேரி விட்டன் கால்கின்ஸ் நிறத்தையும் எண்ணையும் ஜோடி சேர்த்துக் காட்டி, ஒன்றைக் காட்டினால் மற்றது நினைவுக்கு வருகிறதா என்று பரிசோதித்தார். ஜோடிச் சொல் சோதனைகளுக்கு அவர்தான் பாட்டி. (அவருக்கு டாக்டர் பட்டம் தர ஹார்வர்டு மறுத்துவிட்டது. காரணம், பெண் என்பதுதான்! அந்த ஹார்வர்டின் மானம் போனது தனிக் கதை.) அதற்கப்புறம் இந்த மாதிரி எத்தனை சோதனைகள் நடந்தன என்று எண்ணி முடியாது.

அதில் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இருவர் செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். 'மஷுவா' என்றால் படகு, இந்த மாதிரி. எல்லோரும் மாற்றி மாற்றிப் படிக்கவும் வேண்டும், பார்க்காமல் சொல்லவும் வேண்டும். ஒரு சொல்லை ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்தச் சொல்லை என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் பிரிந்தன. ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, ஆனால் பார்க்காமல் சொல்லிப் பார்க்கவில்லை. இன்னொரு குழு அதைப் படிப்பதையே விட்டுவிட்டது, ஆனால் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதை விடவில்லை.

ஒரு வாரம் கழித்து டெஸ்ட். பார்க்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் நினைவில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு? 36. அதாவது கூடுதலாகப் படித்த படிப்பு அத்தனையும் தண்ணீரில் கரைத்த பெருங்காயம்.

இதைவிட முக்கியமான சேதி ஒன்று அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. அடுத்த வாரம் எவ்வளவு நினைவில் இருக்கும் என்று முன்கூட்டியே மாணவர்களிடம் கேட்டார்கள். எல்லாக் குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னன, பாதி இருக்கும் என்று. எந்த வழி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது படிக்கிறவனுக்கே தெரிவதில்லை! அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும் வாத்தியாருக்கும் அப்பா அம்மாவுக்கும் எப்படித் தெரியும்?

ஏன் தெரிவதில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. இதே இருவர் 2006-ல் வேறொரு சோதனை செய்தார்கள். அது ஜோடிச் சொல் அல்ல, உரைநடைப் பத்தி. நாலு தடவை படித்தவர்கள் ஒரு பக்கம், ஒரு தடவை படித்து மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் மறு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நாலு தடவை படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள், 83-க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: 40-க்கு 61. நம்மூர் வகுப்பில் எப்போது கேட்கிறார்கள்? ராத்திரி எழுதினதைக் காலையில் கேட்கிறார்கள். பையன் டக்கென்று சொல்கிறான். "பார்த்தீங்களா, எழுதினா வருது!" என்று ஊரே நம்புகிறது. காலாண்டுப் பரீட்சைக்குள் அது ஆவியாகிப் போகும்போது, அதே ஊர் பழியைப் பையன் தலையில் போடுகிறது.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். "என்னய்யா வெள்ளைக்காரன் கதை சொல்றீங்க? நம்ம முன்னோர்கள் எல்லாத்தையும் உருப்போட்டுத்தானே காப்பாத்தினாங்க? வேதம், பிரபந்தம் எல்லாம் மனப்பாடம்தானே? காஞ்சிபுரத்துக்கே வந்து பாருங்க!"

சரி, காஞ்சிபுரத்துக்கே போவோம்.

வரதராஜப் பெருமாள் புறப்பாட்டில் சுவாமிக்கு முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி போகும், பின்னால் வேத கோஷ்டி வரும். (முன்னால் யார் பாடுவது என்று வடகலையும் தென்கலையும் கோர்ட் வரை போட்ட சண்டை வேறு இருக்கிறது. இங்கே வேண்டாம்.) இந்த இரண்டு கோஷ்டியும் எப்படிக் கற்றவை என்று விசாரித்தால் இம்போசிஷன் கட்சிக்கு ஆதரவாக ஒரு சாட்சியும் கிடைக்காது.

முதலில் வேதம். அதில் 'க்ரமம்' என்று ஒரு முறை. சொற்களை ஒன்று–இரண்டு, இரண்டு–மூன்று, மூன்று–நான்கு என்று இரண்டிரண்டாகக் கோர்த்துச் சொல்ல வேண்டும். 'ஜடை' என்றால் ஒன்று–இரண்டு, இரண்டு–ஒன்று, ஒன்று–இரண்டு. முன்னும் பின்னும். 'கனம்' இன்னும் கடினம்: ஒன்று–இரண்டு, இரண்டு–ஒன்று, ஒன்று–இரண்டு–மூன்று, மூன்று–இரண்டு–ஒன்று, மறுபடி ஒன்று–இரண்டு–மூன்று. 'கனபாடிகள்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வது இதைக் கடந்தவர்கள்தான். கவனியுங்கள், இது முழுக்க முழுக்க ஜோடிச் சொல் பயிற்சி! ஒவ்வொரு சொல்லும் பக்கத்துச் சொல்லை இழுத்து வர வேண்டும், தலைகீழாகவும் இழுத்து வர வேண்டும். அதுவும் ஏட்டைப் பார்க்காமல், சொல்லிக்கொடுப்பவர் காது கொடுத்துக் கேட்க, தப்பு வந்தால் அந்த இடத்திலேயே திருத்த, வருஷக்கணக்கில். திரும்பத் திரும்பச் சொல்வது அதில் ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் சொல்வது வாயால், நினைவிலிருந்து. பார்த்துப் பார்த்துக் காப்பி அடிப்பது எங்கே, இது எங்கே?

பிரபந்தத்துக்கு வந்தால் நம்மாழ்வாரின் திருவாய்மொழி முழுக்க அந்தாதி. ஒரு பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களுக்கு இதுவே கொக்கி. முந்தினதன் கடைசியைச் சொன்னால் அடுத்ததன் தலை தானாக எழும். அதைச் 'சந்தை' சொல்லிக் கற்பார்கள்: ஆசிரியர் ஒரு தடவை சொல்ல, மாணவன் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். இதிலும் நோட்டுப் புத்தகம் இல்லை.

இதை வைத்து மரபின் பெருமை பாடக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேதம் யார் காதில் விழலாம், யார் காதில் விழக்கூடாது என்று சட்டம் போட்ட மரபும் அதுவேதான். அந்த முறையை ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்புறம் அந்த மூளைப் படம் விவகாரம். 2016-ல் 'நியூரோஇமேஜ்' இதழில் ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் குழுவினர் 21 யஜுர்வேதப் பண்டிதர்களின் மூளையையும் சாதாரண ஆட்கள் 21 பேரின் மூளையையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். பண்டிதர்களின் மூளையில் சில பகுதிகள் பெரியவை, தடித்தவை என்று தெரிந்தது. உடனே 'சமஸ்கிருதம் படித்தால் மூளை வளரும்' என்று மெயிலிலும் வாட்ஸப்பிலும் பரப்பிவிட்டார்கள். ஆராய்ச்சியில் அப்படி இல்லை. படிப்பதற்கு முன்னால் அவர்கள் மூளை எப்படி இருந்தது என்று யாரும் படம் எடுக்கவில்லை. வருஷக்கணக்கான வாய்ப்பயிற்சியின் பலனா, மொழியின் பலனா என்பதையும் அந்த ஒப்பீட்டில் பிரிக்க முடியாது. சமஸ்கிருதத்துக்குப் பதில் அதே அளவு தேவாரம் சொன்னவர்களைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருந்தால் ஒருவேளை பேசலாம்.

அடுத்த சாட்சி, தறி. பிள்ளையார்பாளையம் பக்கம் போய்க் கேட்டால், 'நெசவாளி மனசிலேயே டிசைன் வச்சிருப்பான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரத்து நெசவு தன் பேட்டை மனசை நம்பி விட்டதே இல்லை. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்னால் 'அடை' என்று ஒன்று இருந்தது. எந்த ஊடைக்கு எந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்பதைத் தறிக்கு மேலே நூலாலேயே முடிந்து வைத்திருப்பார்கள். உதவியாள் வரிசைப்படி அதை இழுக்க, மல்லிமொக்கும் யாளியும் புடவையில் விழும். ஞாபகத்தையே நூலில் கட்டித் தொங்கவிட்ட சாமர்த்தியம் அது! பிறகு அந்த வேலையை ஓட்டை போட்ட அட்டைகள் எடுத்துக்கொண்டன. மனசில் வைக்க வேண்டாததை மனசில் வைக்காதே என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியவில்லை.

மனசில் வைக்க வேண்டியதற்கோ அதே தறிக்காரர்கள் படம் வைத்துப் பேர் சூட்டினார்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், இரண்டும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறினால் அது 'மயில்கழுத்து'. நீலமும் பச்சையும் என்று யாரும் உருப்போட வேண்டியதில்லை, மயிலைப் பார்த்தவனுக்குப் பேரிலேயே விடை இருக்கிறது. 'மயில்கண்', 'வைரஊசி', 'தாழம்பூ ரேக்கு' எல்லாம் இந்த ஜாதிதான்.

இலக்கணக்காரர்களும் இந்த வித்தையில் இளைத்தவர்கள் அல்ல. நேர் நேர் – தேமா, நிரை நேர் – புளிமா, நிரை நிரை – கருவிளம், நேர் நிரை – கூவிளம். யாப்பு என்றாலே மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இந்த ஜோடிப் பட்டியல்தான். எத்தனை பேருக்கு இது நாலு ஜோடியே இல்லை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்? 'தேமா' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். தே – நேர், மா – நேர். புளி – நிரை, மா – நேர். கரு – நிரை, விளம் – நிரை. கூ – நேர், விளம் – நிரை. கேள்விக்குள்ளேயே விடையை ஒளித்து வைத்திருக்கிறான் மகாபாவி! நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஈற்றுச் சீர் வாய்பாடும் இப்படியே. நேர், நிரை பிரிக்கத் தெரிந்தவனுக்கு மனப்பாடம் செய்ய இதில் ஒன்றுமே மிச்சம் இல்லை. ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? இந்த அருமையான கருவியையும் அர்த்தமில்லாத அசை மாதிரி பத்து தடவை எழுதச் சொல்கிறார்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, சாவியையே பூட்டு என்று நினைத்து உடைக்கச் சொல்வது போல.

இனி அடுத்த கட்சி. 'ஞாபக சக்தி வளர்க்கும் பயிற்சி'. கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு, மேடையில் ஒரு சின்னப் பெண் ஐம்பது பொருட்களின் பேரை முன்னும் பின்னும் சொல்லுவாள், பெற்றோர் கைதட்டிப் பணம் கட்டுவார்கள். அவர்கள் சொல்லித் தருவது பொய் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படமாக்கிப் பார்ப்பது நிஜமாகவே வேலை செய்கிறது. 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் அட்கின்சன், ரா என்ற இருவர் 120 ரஷ்யச் சொற்களைக் கற்பித்தார்கள். அந்நியச் சொல்லின் ஒலியில் தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்து, அதைப் பொருளோடு சேர்த்துப் படமாக்குவது வழி. அப்படிப் படித்தவர்கள் 72 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 46. ஆறு வாரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வைத்த டெஸ்டில் 43-க்கு 28.

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு இதை இப்படிச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'பல்லிட்' என்று ஒரு சொல், வெளிறிப்போன என்று பொருள். 'பல்லி' காதில் விழுகிறதா? வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளிப் பல்லியை நினைத்துக்கொள், தங்கத்துக்கு முன்னால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. முடிந்தது. ஒரு தடவை போதும், ஐம்பது தடவை வேண்டாம்.

பிரச்சினை எங்கே என்றால், எல்லாச் சொல்லுக்கும் பல்லி கிடைப்பதில்லை. 'நியாயம்', 'இருப்பினும்', 'சார்பு' போன்றவற்றை எதில் படமாக்குவது? சில மாதம் கழித்து, 'பல்லிட்' என்றால் பல்லி என்றே பதில் எழுதும் ஆபத்தும் இருக்கிறது. இப்படிப் படித்தது மற்றதைவிட வேகமாக மறந்துபோகிறது என்று காட்டிய ஆராய்ச்சிகளும் உண்டு. 2013-ல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்து வகைப் படிக்கும் முறைகளை அலசி மதிப்பெண் போட்டபோது, இந்த ஒலிக்கொக்கி முறைக்குக் கீழ் வரிசைதான் கிடைத்தது. திரும்பப் படிப்பதற்கும், மஞ்சள் மையால் கோடு போடுவதற்கும் அதே கீழ் வரிசை. மேல் வரிசையில் இரண்டே இரண்டு: பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது, ஒரே நாளில் குவிக்காமல் நாள் விட்டு நாள் படிப்பது. இரண்டுக்கும் கல்யாண மண்டபம் தேவையில்லை, ஃபீஸும் இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அவர்கள் விற்பதில் அப்பட்டமான பொய் ஒன்று இருக்கிறது, அது 'சக்தி' என்ற சொல். ஞாபகம் என்பது கர்லாக்கட்டை சுற்றினால் புடைக்கும் புஜம் மாதிரியாம், ஒன்றில் பழகினால் எல்லாவற்றிலும் வளருமாம்! 1980-ல் வெளியான ஒரு பரிசோதனை இதற்கு நேரடியான பதில். எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் ஒரு கல்லூரி மாணவரை இருபது மாதம் பழக்கினார்கள். ஆரம்பத்தில் எல்லோரையும் போல ஏழு இலக்கம் கேட்டு ஏழு இலக்கம் சொன்னவர், கடைசியில் 79 இலக்கம் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கோர்த்துக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னார்கள். பழையபடி ஆறு! வளர்ந்தது சக்தி இல்லை, இலக்கத்தைக் கோர்க்கும் கைப்பழக்கம் மட்டுமே. 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலரைக் காட்டிப் பயிற்சி விற்கிறவர்கள், அவர் தமிழில் ஊறிக் கிடந்ததை ஏன் சொல்வதில்லை? மேடையில் ஐம்பது பொருள் சொன்ன பெண்ணிடம் ஒரு மாதம் கழித்து அதே மேடையில் வேதியியல் கேள்வி கேட்கட்டுமே.

இத்தனை ஆத்திரம் எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது சொல், ஐம்பது தடவை, ஆயிரம் ஜோடி. ஒன்றுக்கு ஆறு நொடி என்றாலும் நூறு நிமிடம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சாயங்காலம், அவ்வளவே. தறிக்கார வீட்டில்? முன்கூடத்தில் குழித்தறி பாதி இடத்தை அடைத்திருக்கும், மிச்ச இடத்தில்தான் சமையல், படுக்கை, படிப்பு. பட்டுத்தறியில் கொத்தடிமையாக வேலை செய்த குழந்தைகளைப் பற்றி 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்த ஊரில் ஒரு பிள்ளை தறியை விட்டு நோட்டுக்கு வந்து உட்காருவதே பெரிய காரியம். வந்து உட்கார்ந்த பிள்ளையின் நூறு நிமிடத்தையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல், கடைசியில் 'உனக்குப் படிப்பு ஏறாது, தறிக்கே போ' என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? வீட்டில் கேள்வி கேட்டு ஒப்பிக்க வைக்க ஆள் இருக்கும் பிள்ளைகள் எப்படியும் தப்பித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வி கேட்பதுதான் மருந்து என்பது அந்த வீட்டாருக்கே தெரியாது.

"வகுப்பில் அறுபது பேர், ஒவ்வொருவனையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். ஒவ்வொருவனையும் ஆசிரியரே கேட்க வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை கேட்டான். 1789-ல் சென்னை அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைப் பிள்ளைகளுக்கே சொல்லித்தரவிட்டு, அதை 1797-ல் புத்தகமாக்கி, இங்கிலாந்து முழுக்க 'மெட்ராஸ் முறை' என்று பேர் வாங்கினார். இங்கிருந்து ஏற்றுமதியானதை இறக்குமதி செய்யக்கூட வேண்டாம், பக்கத்து பெஞ்சுக்குத் திரும்பினால் போதும்.

நம்பிக்கை இல்லையா? நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். எந்த ஆசிரியரும், ஏன், ஹாஸ்டல் அறையில் நாலு பேரும் கூடச் செய்யலாம். இருபது சொற்கள். வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேர் வழக்கம்போல ஐம்பது தடவை எழுதட்டும். மீதிப் பேர் நோட்டை நடுவில் மடித்து, பொருளை மறைத்து, சொல்லைப் பார்த்துப் பொருளைச் சொல்லிப் பார்க்கட்டும், தப்பானால் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். இன்றைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு ஐந்து நிமிடம், வியாழக்கிழமை ஐந்து நிமிடம். மறுநாள் டெஸ்ட் வைக்க வேண்டாம். அடுத்த வாரம் திங்கட்கிழமை, யாரிடமும் சொல்லாமல், ஒரு துண்டுத் தாளில் இருபதையும் கேளுங்கள். இரண்டு கட்டாகப் பிரித்துத் திருத்தி மார்க்கைக் கூட்ட ஒரு பீரியட் கூட ஆகாது.